பூச்சியம் முதல் ஐந்து வரை

வெள்ளவத்தையில் கனகசபாபதியைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் என்ன வேலை செய்கிறார் என்று சரியாகத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. "கையைக் காலைப் பிடிச்சு விடுறவர்" என்பார்கள் சிலர். மரியாதை தெரிந்தவர்கள் "மசாஜ் டொக்டர்" என்பார்கள். கல்யாண வீட்டில் யாராவது அவரை அறிமுகம் செய்து வைத்தால், அறிமுகம் முடிவதற்கு முன்பே எதிரில் நிற்பவர் தன் தோளை முன்னுக்கு நீட்டி, "இதிலைதான் ஒரு பிடிப்பு" என்று தொடங்கிவிடுவார். சாப்பாட்டுத் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அந்தத் தோளை அவர் பார்த்தே ஆகவேண்டும். பார்க்காவிட்டால் தலைக்கனம் பிடித்தவர். பார்த்தாலும் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. அடுத்த கல்யாண வீட்டில் அதே ஆள் முழங்காலைக் காட்டுவார்.

அவர் கொழும்பில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாகப் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து கிடந்தவர்களை மறுபடியும் கரண்டி பிடிக்கப் பழக்கியிருக்கிறார். வடக்கிலிருந்து காலில்லாமல் கொண்டுவரப்பட்ட இராணுவப் பையன்களைப் பொய்க்காலில் நிற்க வைத்து, இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்க வைத்து, கடைசியில் கம்பியில்லாமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். நடந்து போகிறவர்கள் போகும்போது டொக்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். டொக்டர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பிசியோ எங்கே?" என்பார், சக்கர நாற்காலி எங்கே என்று கேட்கிற அதே குரலில்.

இத்தனை அவமானத்துக்கும் கனகசபாபதி ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார். பிசியோதெரபிஸ்டுகள் சங்கத்தின் தலைவர் ஆகிவிடுவது.

அந்தப் பதவியில் ஒஸ்வால்ட் என்கிற ஒருவர் ஒன்பது வருடமாக இருந்தார். ஒன்பது வருடத்தில் அவர் சாதித்தது ஒன்பது வருடாந்த விருந்துகளும் சங்கத்துக்கென்று ஒரு நீலக் கழுத்துப்பட்டியும். ஆனாலும் ஒஸ்வால்டை டொக்டர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கனகசபாபதியின் கண்ணில் அது உறுத்தியது.

"நான் தலைவராய் வந்தால் ஒருத்தரும் தோளைக் கொண்டந்து காட்டமாட்டினம்" என்றார் மனைவியிடம்.

சரோஜினிதேவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "காட்டுவினம். தலைவர் எண்டு கூப்பிட்டுப்போட்டுக் காட்டுவினம்."

மனைவிமாருக்கு இந்த மாதிரி விஷயங்களில் தூரநோக்கு இல்லை என்று கனகசபாபதி நம்பினார். அவருக்கு இருந்தது. தேர்தலுக்கு நியமனப் பத்திரம் கொடுப்பதற்கு இரண்டு கிழமை முன்பே, தன் பெயரையும் 'தலைவர்' என்ற பதவியையும் மேலே போட்டு, நல்ல தடித்த கடதாசியில் ஐந்நூறு கடிதத் தாள்கள் அச்சடித்துக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டார்.

தேர்தல் வந்தது 1997இல். கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் புலிகளின் தாக்குதலில் எரிந்ததற்குப் பிறகு, தமிழன் ஒருவன் பக்கத்துத் தெருவுக்குப் பாண் வாங்கப் போனாலும் ஏன் போகிறாய் என்று கேட்கிற காலம். மற்றத் தமிழர்கள் வேலை, வீடு, கோயில் என்று மூன்று இடத்தோடு ஆயுளைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் கையில் லவ் கேக் பெட்டியோடு கொழும்பைச் சுற்றினார். அங்கத்தவர்கள் தொண்ணூற்றாறு பேர். எட்டக்கூடிய தூரத்தில் இருந்தவர்களையெல்லாம் வீடு தேடிப் போய்ப் பார்த்தார். ஒரு பயணத்துக்கு மூன்று சோதனைச் சாவடி. ஒவ்வொன்றிலும் அடையாள அட்டை, கொழும்பில் இருக்கத் தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு, பிறகு கேக் பெட்டி என்று வரிசையாகத் திறந்து காட்டினார். சரோஜினிதேவி ரவையும் கஜுவும் சீனியும் கலந்து கலந்து கை சோர்ந்து போனாள்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் திரும்பி வந்ததும் ஒரு பட்டியலை எடுப்பார். அதில் எல்லோருடைய பெயரும் விலாசமும் டெலிபோன் இலக்கமும் இருந்தன. பெயருக்கு நேரே ஓர் இலக்கம் போடுவார்.

இந்த இலக்கத்தைச் சற்று விளக்கவேண்டும். நோயாளியின் தசை எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அளக்க பிசியோதெரபிஸ்டுகளிடம் ஒரு கணக்கு உண்டு. பூச்சியத்தில் தொடங்கி ஐந்தில் முடியும். தசை அசையவே இல்லை என்றால் பூச்சியம். தோலுக்குக் கீழே ஒரு துடிப்பு மட்டும் தெரிந்தால் ஒன்று. கட்டிலோடு கட்டிலாக இழுக்க மட்டும் முடிந்தால் இரண்டு. கையைத் தானாகத் தூக்கிவிடுவார், ஆனால் ஒரு விரலால் தள்ளினாலும் விழுந்துவிடும் என்றால் மூன்று. கொஞ்சம் தாக்குப்பிடித்தால் நான்கு. முழுப் பலத்தோடு அமுக்கியும் அப்படியே நின்றால் ஐந்து. அமுக்கிப் பார்க்காமல் ஐந்து போடவே கூடாது. இது முதலாம் வருடத்துப் பாடம்.

கனகசபாபதி அமுக்கிப் பார்க்கவில்லை. கேக் கொடுத்துப் பார்த்தார். வாய் நிறையக் கேக்கோடு "கட்டாயம் மச்சான்" என்றவர்களுக்கெல்லாம் ஐந்து போட்டார். அப்படி நாற்பத்தொரு ஐந்துகள் சேர்ந்தன.

அவற்றில் முதல் ஐந்து மஷூர். தெமட்டகொடைக்காரர், கனகசபாபதியின் பெயரை முன்மொழிந்தவர். "நீங்க எனக்குக் கூடப்பொறந்த நானா மாதிரி" என்று அண்ணன் முறை வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அடுத்த ஐந்து சிவானந்தன். சரோஜினிதேவிக்குச் சித்தப்பா மகன், இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தான், அதே தொழில். "அத்தான், இதையெல்லாம் வந்து கேக்கவேணுமே?" என்று கோபித்துக்கொண்டான். கோபித்துக்கொண்டே மூன்று துண்டு சாப்பிட்டான்.

எதிர்த்துப் போட்டியிட்ட ஒஸ்வால்டுக்கு இலக்கமே போடவில்லை. பட்டியலில் பூச்சியம் ஒன்றே ஒன்று. அது செலீன்.

செலீன் கொட்டாஞ்சேனைக்காரி. சங்கத்தின் செயலாளர். அதே ஆஸ்பத்திரியில், அதே அறையில், இருபத்திரண்டு வருடமாக அவருக்கு எதிர்மேசை. அவளுக்கும் கேக் போனது. தேத்தண்ணி நேரத்தில் ஒரு துண்டை ஆறுதலாகச் சாப்பிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"கேக் நல்லா இருக்கு, மிஸ்டர் சபா. ஆனா வோட் போடமாட்டேன்."

"ஏன்?"

"ஒங்க கையில மைக் குடுத்தா நாங்க எல்லாரும் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக ஏலாது."

பொறாமை என்று முடிவு கட்டினார். வீட்டுக்கு வந்து பூச்சியத்தைப் போட்டு அதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார். பேனை கடதாசியைக் கிழித்துவிட்டது.

"ஒரு வோட்டுத்தானே, விடுங்கோவன்" என்றாள் சரோஜினிதேவி.

அவரால் விட முடியவில்லை. நாற்பத்தொரு பேர் ஓம் என்று சொன்னது இனிக்கவில்லை, ஒருத்தி இல்லை என்றது கசந்துகொண்டே இருந்தது. பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குப் பம்பலப்பிட்டியில். அன்று காலையிலேயே கொட்டாஞ்சேனைக்குப் போய்க் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்ப்பது என்று கிளம்பினார். கோட் போட்டு, புதுக் கழுத்துப்பட்டி கட்டி, பையில் நான்கு பக்க ஏற்புரையையும் பட்டியலையும் வைத்து, கையில் கேக் பெட்டியோடு பஸ் ஏறினார். ஊரெல்லாம் வீட்டுக்குள் இருக்கிற ஞாயிறு காலையில் கோட் போட்ட தமிழன் ஒருவன் பெட்டியோடு நகரின் மறுகோடிக்குப் போனால் எப்படி இருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. வேட்பாளர்கள் யோசிப்பதில்லை.

கொட்டாஞ்சேனையில் இறங்கியதும் சாவடியில் நின்ற பொலிஸ்காரன் சொன்னான்: "அத உஸ்ஸன்ன."

கையை உயர்த்து. இருபத்தாறு வருடமாக வார்டில் அவர் தினமும் நாற்பது தடவை சொல்கிற அதே வாக்கியம். அவர் சொன்னால் நோயாளிகள் மெல்ல மெல்லத்தான் உயர்த்துவார்கள். இவர் சட்டென்று உயர்த்திவிட்டார்.

அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அது வழக்கமான குற்றம், ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பையைத் திறந்தபோதுதான் பட்டியல் வந்தது. தொண்ணூற்றாறு பெயர். பெரும்பாலானவை சிங்களப் பெயர்கள். விலாசம், டெலிபோன், பக்கத்தில் ஓர் இலக்கம். பொலிஸ்காரன் இன்னொருவனைக் கையசைத்துக் கூப்பிட்டான். கால் மணி நேரத்தில் கனகசபாபதி பொலிஸ் நிலையத்தில் ஒரு சார்ஜன்டுக்கு முன்னால் நின்றார். கோட் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. கழுத்துப்பட்டி மட்டும் நேராக இருந்தது.

பேச்செல்லாம் சிங்களத்தில். வார்டுச் சிங்களம் அவருக்குத் தண்ணீராக ஓடும். வெளியில் அடிக்கடி தடக்கும்.

"இது என்ன பட்டியல்?"

"தேர்தல் பட்டியல், சேர். நான் ஒரு சங்கத்துக்குத் தலைவர் வேட்பாளர்."

"இந்த நம்பர் என்ன?"

"அது அவர்களுடைய பலம், சேர்."

சார்ஜன்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐந்து என்றால்?"

"முழுப் பலம். எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும்."

"பூச்சியம்?"

உண்மையைச் சொன்னால் பிரச்சினை வராது என்று கனகசபாபதியின் தகப்பனார் அவரை வளர்த்திருந்தார். "பூச்சியம் என்றால் அசைவே இல்லை, சேர். ஒரு துடிப்புக்கூட இருக்காது."

சார்ஜன்ட் பேனையைக் கீழே வைத்தார். "ஒரே ஓர் ஆளுக்குத்தான் பூச்சியம். ஒரு பெண்பிள்ளை. கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறாய். இப்போது நீ எங்கே போய்க்கொண்டிருந்தாய்?"

"அந்த அம்மாவின் வீட்டுக்குத்தான், சேர்."

"பெட்டியில் என்ன?"

"அவருக்குத்தான், சேர்."

அதன் பிறகு பெட்டியை மேசையில் வைத்துத் திறக்க யாரும் முன்வரவில்லை. கனகசபாபதியையே வெளியில் கொண்டுபோய்த் திறக்கச் சொன்னார்கள். அடிமட்டக் கோலால் கேக்கை நாலாபக்கமும் குத்தச் சொன்னார்கள். ஒரு மூலையை வெட்டித் தின்னச் சொன்னார்கள். தின்றார். பத்து நிமிடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சாகவில்லை என்று தெரிந்ததும் மிச்சத்தைப் பொலிஸ் நிலையம் சாப்பிட்டது. கஜு கொஞ்சம் கூட இருக்கலாம் என்று ஒரு கான்ஸ்டபிள் அபிப்பிராயம் சொன்னான்.

தான் யார் என்று விளக்க அவருக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. கிடைத்த சந்தர்ப்பத்தில் சங்க யாப்பு விதிகளின் ஏழாவது பிரிவை விளக்கினார். ஒஸ்வால்ட் ஒன்பது வருடமாகப் பதவியை விடாமல் இருப்பதன் அநீதியை விளக்கினார். பிசியோதெரபி என்றால் என்ன என்று சார்ஜன்ட் கேட்டபோது அதையும் விளக்கினார்; சார்ஜன்ட் உடனே கழுத்தை இடது பக்கம் திருப்பி, "இந்த இடத்தில் ஒரு பிடிப்பு" என்றார். எல்லாம் சொன்னார். வார்டில் தினமும் இராணுவப் பையன்களுக்கு நடை பழக்குகிறேன் என்ற ஒரு வசனத்தை மட்டும் சொல்லவில்லை. தலைவர் வேட்பாளர் என்ற நினைப்பில் அது அவருக்கு ஞாபகம் வரவேயில்லை.

"உன்னைத் தெரிந்தவர்கள் யார்?"

கனகசபாபதியின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்குத்தானே ஒன்றரை மாதமாகக் கேக் சுட்டது. "ஐந்து போட்டவர்களைக் கேளுங்கள், சேர். நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்."

சார்ஜன்ட் ஒரு சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு டெலிபோனைச் சுழற்றினார். மறுமுனையில் இருப்பவர் கொஞ்சம் உரக்கப் பேசினால் மேசைக்கு இந்தப் பக்கமும் கேட்கிற பழைய டெலிபோன்.

முதலில் மஷூர். பொலிஸ் என்றதும் அந்தப் பக்கம் குரல் இறங்கியது. "கனகசபாபதியா? கூட்டங்களில் கண்டிருக்கிறேன், சேர். பெரிய பழக்கமில்லை."

"நீங்கள்தான் பெயரை முன்மொழிந்தீர்கள் என்கிறாரே?"

"ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார், போட்டேன். வெளியில் என்ன செய்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

சார்ஜன்ட் மஷூரின் பெயருக்கு நேரே சிவப்பில், பிழைக்குப் போடுகிற ஒரு புள்ளடி போட்டார்.

அடுத்தது சிவானந்தன். "என் மனைவியின் தம்பி முறை, சேர்" என்று கனகசபாபதி முந்திக்கொண்டு சொன்னார். டெலிபோனில் சிவானந்தன் பெயரை மறுபடி சொல்லச் சொன்னான். பிறகு கேட்டான்: "எந்தக் கனகசபாபதி?"

"வெள்ளவத்தை."

"வெள்ளவத்தையில் கனகசபாபதிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், சேர். யாரைக் கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை."

இன்னொரு புள்ளடி. பம்பலப்பிட்டியில் ஒரு ஐந்து கண்டிக்குப் போய்விட்டதாக அவருடைய மனைவி சொன்னாள். பின்னால் யார் டெலிபோனில் என்று அவரே கேட்பது நன்றாகக் கேட்டது. அடுத்த ஐந்து டெலிபோனை வைத்துவிட்டது. ஏழு ஐந்துகளுக்கு எடுத்தார் சார்ஜன்ட். ஏழும் விழுந்தன. ஒவ்வொரு தடவையும் கனகசபாபதியைப் பார்த்து, "தன்னே நே" என்றார். தெரியாதாம். கடைசித் தடவை அதைக் கொஞ்சம் மெதுவாகவே சொன்னார். அவருக்கே பாவமாக இருந்திருக்கவேண்டும்.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த நாட்களில் பிடிபட்டவனைத் தெரியும் என்று சொன்னவன் அடுத்த பஸ்ஸில் வந்து வாக்குமூலம் கொடுக்கவேண்டும். வந்தவன் திரும்பிப் போகும் நேரத்தை வந்தவன் தீர்மானிப்பதில்லை. இதெல்லாம் கனகசபாபதிக்கும் தெரியும். தெரிந்தும், அழுதுவிடுவோமோ என்று பயந்து சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

"இந்தப் பூச்சியத்துக்கு எடுக்கட்டுமா?"

"வேண்டாம், சேர்! அவர் எனக்கு எதிர்."

"அப்படியானால் உண்மையைச் சொல்வார்" என்று சார்ஜன்ட் டெலிபோனைச் சுழற்றினார். இருபது வருடப் பொலிஸ் அனுபவம் வீண்போகவில்லை.

செலீன் பூசைக்குப் போயிருந்தாள். ஒன்பது மணிக்கு வருவாள் என்று வீட்டில் சொன்னார்கள். ஒன்பதே காலுக்கு அவளே வந்தாள், ஞாயிற்றுக்கிழமைப் பூப்போட்ட கவுன், ஒரு கையில் ஜெபப் புத்தகம், மறுகையில் குடை. டெலிபோனில் பதில் சொல்லியிருந்தாலே போதும். நடந்து வந்திருந்தாள். சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்த கனகசபாபதியைப் பார்த்தாள். குடையைச் சுவரில் சாத்திவிட்டு சார்ஜன்டுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்த ஆளைத் தெரியுமா?"

"இருபத்திரண்டு வருடமாகத் தெரியும்."

சார்ஜன்ட் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். "உங்களுக்குப் பூச்சியம் போட்டிருக்கிறார். ஏன்?"

செலீன் மூக்குக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். கிழிந்த இடத்தையும் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது நாங்கள் தசைக்குப் போடுகிற நம்பர். நான் இவருக்கு வோட் போடமாட்டேன் என்று சொன்னேன், அதுதான். இவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார்."

"வோட் போடமாட்டீர்களா? அப்படியானால் எதற்காக வந்தீர்கள்?"

"வோட் வேறு, இது வேறு" என்றாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. "வடக்கிலிருந்து காலில்லாமல் வருகிற உங்கள் பையன்களை யார் நடக்க வைக்கிறார் என்று நினைத்தீர்கள்? இந்த மனுசன்தான். அதை உங்களுக்குச் சொன்னாரா?"

சார்ஜன்ட் கனகசபாபதியைப் பார்த்தார். "சொல்லவில்லையே. யாப்புப் பிரிவு ஏழைத்தான் சொன்னார்."

"அதற்காகத்தான் வோட் போடமாட்டேன்" என்றாள் செலீன்.

அவள் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றாள். பட்டியல் நிலையத்திலேயே இருக்கட்டும் என்றார் சார்ஜன்ட். நாளைக்குச் சங்கத்தின் கடிதத் தாளில், இது தேர்தல் பட்டியல்தான், இவர் நாங்கள் அறிந்தவர்தான் என்று பொறுப்பான ஒருவர் எழுதிக் கொடுத்தால் திருப்பித் தருவாராம். கனகசபாபதி வெளியே வந்து நின்றார். நன்றி சொல்ல வாய் திறந்தார்.

"பேசாம ஓட்டோவுல ஏறுங்க" என்றாள் செலீன். "பத்தரைக்குக் கூட்டம். செக்ரட்டரி நான் லேட்டாப் போக ஏலாது."

மண்டபத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது விஷயம் அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மஷூர் ஓடி வந்து தோளைத் தடவினார். "லைன் சரியாவே கேக்கல்ல, நானா. நீங்கண்டு தெரிஞ்சிருந்தா நான் உட்டிருப்பேனா?" சிவானந்தன் தூரத்திலேயே நின்றான். பிறகு மெல்லப் பக்கத்தில் வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளையள் இருக்குது, அத்தான்" என்றான். கண்டிக்குப் போனவரும் வந்திருந்தார். கண்டியிலிருந்து அவ்வளவு விரைவாக எப்படி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

வாக்களிப்பு நடந்தது. செலீன் எல்லோரும் பார்க்க எழுந்து போய்ச் சீட்டைப் பெட்டியில் போட்டாள். யாருக்குப் போட்டாள் என்று கனகசபாபதிக்குச் சந்தேகமே இல்லை. அவள் சொன்னால் சொன்னதுதான். பிறகு சீட்டுகளைப் பிரித்தார்கள். ஒஸ்வால்ட் முப்பத்தாறு. கனகசபாபதி ஐம்பத்தேழு.

வென்றுவிட்டார். ஐந்துகள் எல்லாம் மறுபடியும் ஐந்தாகிவிட்டன. வாக்குச் சீட்டில் போடுகிறவன் பெயர் எழுதுவதில்லை, மடித்துப் போட்டுவிட்டால் எந்த சார்ஜன்டும் டெலிபோன் எடுத்துக் கேட்கமாட்டார். காலையில் வாயால் கொடுக்க முடியாததை மத்தியானம் மடித்துக் கொடுத்துவிட்டார்கள். கைதட்டலில் மஷூரின் கைதான் எல்லாவற்றையும் விடப் பலமாகக் கேட்டது. ஒஸ்வால்ட் தன் நீலக் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டே கை கொடுத்தார். அவர் முகத்தில் இருந்தது துக்கம் மாதிரித் தெரியவில்லை.

புதிய தலைவரை மைக்குக்கு அழைத்தார்கள். நான்கு பக்க ஏற்புரை பையில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், "இடுக்கண் வந்தபோது என் தோளோடு தோள் நின்ற தோழர்களே" என்று ஒரு வரி. ஆறு வருடம் மனதுக்குள் வைத்துப் பழுக்க வைத்த வரி. கனகசபாபதி மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில், டெலிபோனில் விழுந்த ஏழு பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் வாயிலிருந்து "நன்றி" என்று ஒரு சொல் வந்தது. அதோடு போய் உட்கார்ந்துவிட்டார்.

செலீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் குனிந்தாள். "இவ்வளவு சுருக்கமாப் பேசுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா போட்டிருப்பேனே, மிஸ்டர் சபா."

திங்கட்கிழமை கட்டிலுக்குக் கீழேயிருந்து முதல் கடிதத் தாளை உருவி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கனகசபாபதியை நான் நன்கு அறிவேன், இப்படிக்கு கனகசபாபதி, தலைவர் என்று அவரே அதில் தட்டச்சுச் செய்திருந்தார். செலீன் அதை வாங்கிப் படித்துக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"இதக் கொண்டுபோனா ஒங்கள மறுபடியும் உள்ள வைப்பான். இன்னொரு தாள் குடுங்க."

அவளே தட்டச்சுச் செய்து செயலாளர் என்று கையெழுத்திட்டாள். மேற்குறித்த தலைவரை இருபத்திரண்டு வருடமாக அறிவேன். பட்டியல் தேர்தலுக்கானது. கடைசியில் யாரும் கேட்காத ஒரு வரியும் இருந்தது: தன் வேலையில் மிகக் கெட்டிக்காரர். கனகசபாபதி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். இருபத்தாறு வருடத்தில் அவரைப் பற்றி யாரும் அப்படி எழுதியதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

சார்ஜன்ட் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார், கழுத்தையும் காட்டினார். பட்டியலில் இப்போது இரண்டு விதமான எழுத்து. நீலத்தில் ஐந்து, பக்கத்தில் சிவப்புப் புள்ளடி. ஐந்து, புள்ளடி. ஏழு தடவை அப்படி. நீலத்தில் பூச்சியம் என்று இருந்த இடத்தில் ஒரு சிவப்புச் சரி அடையாளம். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து சிவானந்தனோடு பேச்சை நிறுத்தினார். தம்பி வந்தால் சரோஜினிதேவி குசினிக்குள் வைத்துத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். "பொலிஸ் கேட்டால் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல வக்கில்லை" என்று கனகசபாபதி மூன்று மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை முற்பகல் டெலிபோன் அடித்தது. எடுத்தார்.

சிங்களத்தில் ஒரு குரல். ஹெந்தளைப் பக்கத்துச் சோதனைச் சாவடியாம். நோயாளி ஒருவரைப் பார்க்க வந்ததாகச் சொல்லி ஓர் ஆள் பிடிபட்டிருக்கிறானாம். பதிவுத் துண்டு காலாவதியாம். உங்களைத் தெரியும் என்கிறான். பெயர் சிவானந்தன். தெரியுமா?

கனகசபாபதி ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். அவர் யோசித்துச் சொல்லவில்லை. அது தானாகவே வந்தது.

"எந்தச் சிவானந்தன்?"

சொன்னது காதில் விழுந்ததும் அவருக்கு உடம்பு கூசியது. கதவடியில் சரோஜினிதேவி நின்றாள். கையில் இருந்த அகப்பையிலிருந்து குழம்பு நிலத்தில் சொட்டியது. தம்பியின் பெயர் அவளுக்கும் கேட்டுவிட்டது.

"ஹலோ? தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றார் கனகசபாபதி. குரல் வெளியில் வரவில்லை. மறுபடி சொன்னார். "தெரியும், சேர். என் மனைவியின் தம்பி. அவனை அங்கேயே வைத்திருங்கள். நான் வருகிறேன்."

கட்டிலுக்குக் கீழே குனிந்து ஒரு கடிதத் தாளை உருவினார். தலைவர் என்ற எழுத்து நன்றாகத்தான் அச்சாகியிருந்தது. கழுத்துப்பட்டியைத் தேடவில்லை. கதவு வரைக்கும் போனவர் நின்று, அலுமாரியிலிருந்து அந்தப் பழைய பட்டியலை எடுத்தார். தொண்ணூற்றாறு பெயரில் தன் பெயருக்கு நேரே அவர் எதுவும் போட்டிருக்கவில்லை. வேட்பாளர் தனக்குத் தானே இலக்கம் போடவேண்டிய தேவை என்ன என்று விட்டிருந்தார். இப்போது நின்றபடியே பேனையை எடுத்து, கனகசபாபதி என்ற பெயருக்கு நேரே மூன்று என்று எழுதினார். தானாகத் தூக்கும், ஒரு விரல் தள்ளினால் விழும்.

"என்ன எழுதுறியள்? கெதியாப் போங்கோ" என்றாள் சரோஜினிதேவி.

போனார்.